கடன் தாளில் ‘கேரண்டர்’ என்றிருந்தால்

தம்பி, கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், கடன் தாள்களில் வரும் ஆங்கிலச் சொற்களில் எவற்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும், வாடகைக்கு எந்தப் பகுதி வசதி என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குப் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் நாலு பேரிடம் விசாரித்தால் போதும். கடன் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கேரண்டர். மலாய்த் தாளில் ‘பென்ஜாமின்’ என்றிருக்கும். உடன் வேலை செய்பவர் ஒருவர், சும்மா சாட்சிக் கையெழுத்துதான் என்று தாளை நீட்டுவார். சாட்சியின் பொறுப்பு கையெழுத்தைப் பார்த்ததோடு முடிந்துவிடும். கேரண்டரோ, கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் தாம் கட்டுவதாக ஒப்புக்கொள்கிறார்.

2001இல் நான் வந்த புதிதில், செந்தூலில் என்னுடன் ஓர் அறையில் தங்கியிருந்த பட்டுக்கோட்டைக்காரர் அப்படித்தான் ஒரு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக் கடை) மேசையில், தொகைக்கான கட்டம் காலியாக இருந்த தாளில், தேநீர் ஆறுவதற்குள் கையெழுத்திட்டார். மோட்டார் சைக்கிள் வாங்கியவர் சில மாதங்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட, கடிதங்கள் இவர் பெயருக்கு வரத் தொடங்கின. சம்பளத்தில் பாதி அதற்கே போனது. தங்கையின் திருமணத்துக்குக்கூட அவரால் ஊர் போக முடியவில்லை. ‘நாமெல்லாம் ஒரே ஊர்’ என்று சொல்லியே கையெழுத்து வாங்கும் நம்மவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அந்தக் கடிதங்களை வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னவர் இங்கேயே பிறந்த, ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர். மாலைதோறும் அவர் வீட்டு ஐந்தடியில் (முன்புற நடைபாதையில்) உட்கார்ந்துதான் நான் மலாய் படித்தேன். இன்று எந்த ஒப்பந்தத்தையும் பிறர் உதவியின்றி மலாய், ஆங்கிலம் இரு மொழியிலும் படிக்கிறேன்.

2017இல் மலேசியத் திவால் சட்டம் திருத்தப்பட்ட பின் கேரண்டருக்குப் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆதாயம் கருதாமல் பிறருடைய படிப்பு, சொந்த வீடு, சொந்த வாகனக் கடன்களுக்குப் பிணை நின்றவரை இப்போது திவாலாக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வழக்குத் தொடுத்துப் பணத்தை வசூலிக்கும் உரிமை வங்கிக்கு அப்படியே இருக்கிறது.

அடுத்தது ஃபிளாட் ரேட். 10,000 வெள்ளியை (ரிங்கிட்டை) ஆண்டுக்கு 4 விழுக்காட்டில் 5 ஆண்டுகளுக்கு வாங்கினால் வட்டி 2,000. மாதத் தவணை 200. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுவதால், உண்மையில் நீங்கள் கட்டுவது ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கும் மேல். அதற்குப் பெயர் எஃபெக்டிவ் ரேட். அதைக் கேட்டு வாங்காமல் இரண்டு கடன்களை ஒப்பிடாதீர்கள். கிரெடிட் கார்டில் மினிமம் பேமெண்ட் மட்டும் கட்டிவந்தால் மீதிக்கு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவசரத்துக்கு வங்கிக்கு வெளியே கடன் வாங்க நேர்ந்தால், உரிமம் பெற்று வட்டிக்கு விடுபவர் அடமானம் இல்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடும், அடமானக் கடனுக்கு 12 விழுக்காடும் வரைதான் வாங்கலாம். மாதத்துக்கு 10 விழுக்காடு என்பவரும், ஏடிஎம் அட்டையையோ பாஸ்போர்ட்டையோ கொடுத்துவிட்டுப் போகச் சொல்பவரும் ஆலோங்தான், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர்தான்; அங்கே உட்காரவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.