தன்னார்வத் திறமூலத் திட்டங்கள் பங்களிப்பவர்களிடம் அரசு அடையாளச் சான்று கேட்பது சரியா?

நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஏதோ ஒரு திறமூல மென்பொருளுக்கு ஒரு பேட்ச் (சின்ன நிரல் திருத்தம்) அனுப்பி, 'பாஸ்போர்ட் நகல் வேண்டும்' என்று பதில் வந்து முழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் நடந்தது. என் பதில்: தேவையில்லை.

பிடிஎஃப் கோப்புகளில் தேடும் ஒரு இலவச மென்பொருள். 'கோயில்' என்று அடித்தால் ஒன்றும் வராது, கண்ணெதிரே பக்கம் முழுக்க கோயில் இருக்கும். காரணம் சின்னதுதான். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் தரமான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர 11 வரி எழுதி அனுப்பினேன்.

நிரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் ஒரு படிவம் வந்தது: முதல் பெயர், குடும்பப் பெயர், முகவரி, அரசு ஆவணம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். ஆதாரில் அது பெயருக்குப் பின்னால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே எனக்குக் குடும்பப் பெயர். படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது, 'பொருந்தவில்லை' என்று. அவர்கள் மடல்களில் என்னை அழைத்ததும் அப்பா பெயரைச் சொல்லித்தான்.

முகவரி கதை இன்னும் மோசம். எங்கள் வீடு வாலாஜாபேட்டையில். அப்பாவின் பழைய ரேஷன் கார்டில் வட ஆற்காடு மாவட்டம், என் ஆதாரில் வேலூர், 2019-இல் பிரித்த பிறகு ராணிப்பேட்டை. வீடு ஒரு அடி நகரவில்லை. இதைத் திருத்தப் போனால் சர்வர் இல்லை, நாளைக்கு வா, கைரேகை பதியவில்லை. அம்மாவின் ஓய்வூதியம் ஒரே ஒரு எழுத்துப் பிழையால் ஐந்து மாதம் நின்றது. சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

'ஜியா டான் கதை தெரியாதா?' என்று சிலர் கிளம்புவீர்கள். தெரியும். அந்தப் பெயரில் வந்த யாரோ 2021-இலிருந்து பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்து, 2024-இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூலக் கருவிக்குள் பின்வாசல் (ரகசியமாக நுழையும் வழி) வைத்தார். அவ்வளவு காலம் காத்திருக்கத் தெரிந்தவருக்கு ஒரு போலி பாஸ்போர்ட் பெரிய விஷயமா? மாட்டியதும் அடையாள அட்டையால் இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்-இல் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைப் பார்த்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவியதால்தான்.

யாரையும் எதுவும் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். புதிய பதிப்புகளில் கையொப்பமிட்டு வெளியிடும் டிஜிட்டல் சாவியை வைத்திருப்பவர் யாரென்று தெரிந்தாக வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் உறுப்பினராக வருபவரை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் நேரில் சந்தித்து, அட்டையைப் பார்த்து, வருபவருடைய டிஜிட்டல் சாவியில் கையொப்பமிடுவது பழைய வழக்கம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், நகல் எடுத்துப் பூட்டி வைக்க மாட்டார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலும் 2004-இலிருந்து 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று ஒரு வரி ஒப்பம்தான். உண்மைப் பெயர் என்ற நிபந்தனையைக்கூட 2023-இல், அறிந்த அடையாளம் இருந்தால் போதும் என்று தளர்த்திவிட்டார்கள்.

11 வரிக்கு என் பாஸ்போர்ட்டை எந்த நாட்டுச் சர்வரிலோ கொண்டுபோய் வைக்க எனக்கு மனசில்லை. பேட்சை நான் திரும்பப் பெறவும் இல்லை. போன வாரம் பார்த்தேன், 'ஆவணத்துக்காகக் காத்திருக்கிறது' என்றே நிற்கிறது. அவர்கள் மென்பொருளில் கோயில் இன்னும் கிடைக்கவில்லை.