கடவுளுக்கு நான் இன்னும் எவ்வளவு செலுத்த வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தவக்காலம் தொடங்கிய அன்றே காபியை அறவே விட்டேன். வெள்ளிதோறும் ஒருசந்தி (நோன்பு) இருப்பதாகவும் தீர்மானித்தேன். மூன்றாம் நாளே தலைவலி, எரிச்சல். மாமியாரிடமும் மகளிடமும் எரிந்து விழுந்தேன். பத்தாம் நாள் தாங்க முடியாமல் காபி குடித்துவிட்டேன். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேனே என்று இரவில் தூக்கம் வருவதில்லை. கிறிஸ்து சிலுவையில் எல்லாவற்றையும் செலுத்திவிட்டார் என்றால் என் தியாகம் எதற்கு? இல்லை என்றால் நான் இன்னும் எவ்வளவு செலுத்த வேண்டும்? விட்ட நாட்களை உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு ஈடுசெய்யலாமா? – பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் மீறியது நேர்ச்சை அல்ல. நேர்ச்சை என்றால் இன்னதைச் செய்கிறேன் என்று அறிந்து தெளிந்து, முழுச் சுதந்திரத்தோடு கடவுளுக்கே கொடுக்கும் வாக்கு. திருச்சபைச் சட்டம் அதைத் தனியாகவே வைத்திருக்கிறது. தவக்காலத்தில் நாம் எடுப்பது தீர்மானம். தீர்மானம் தவறினால் அதை மாற்றி எடுத்துக்கொள்ளலாம், அந்தக் காபிக்காகப் பாவம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். மாமியாரிடமும் மகளிடமும் எரிந்து விழுந்தது வேறு கணக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் நாள் தலைவலிக்கும் உங்கள் பக்திக்கும் சம்பந்தமில்லை. தினமும் காபி குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, சிடுசிடுப்பு தொடங்கும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒன்பது நாள்வரைகூட நீடிக்கும். காபியை விடத்தான் வேண்டும் என்றால் தவக்காலத்துக்கு முந்தைய வாரமே அளவைப் பாதியாகவும் பிறகு கால் பங்காகவும் குறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றைக் கவனமாகப் படியுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கிளிப்பிசைடு போன்றவை உணவைத் தவிர்த்தால் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். இன்சுலினும் அப்படியே. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவற்றோடு திடீர்க் கோபமும் அதன் அடையாளம்தான். வெள்ளிக்கிழமைகளில் வந்த எரிச்சல் அதுவாகக்கூட இருக்கலாம். அளந்து பார்த்து 70க்குக் கீழே இருந்தால், ஒருசந்தியாவது ஒன்றாவது, உடனே 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் உணவையும் தவிர்க்காதீர்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்களிடம் திருச்சபை கட்டாயமாகக் கேட்கும் ஒருசந்தி இரண்டே நாள்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும்வரைதான். அன்று ஒரு முழு உணவு உண்டு, காலையிலும் மாலையிலும் சிறிதளவு சாப்பிடத் தடையில்லை. வெள்ளிதோறும் கேட்கப்படுவது இறைச்சி தவிர்ப்பது மட்டும், அது 14 வயதிலிருந்து. நோயாளிகளுக்கு ஒருசந்திக் கடமை இல்லை. நீங்கள் உங்கள்மேல் ஏற்றிக்கொண்ட சுமையில் பெரும்பகுதி யாரும் உங்களிடம் கேட்காதது.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. "செலுத்த வேண்டும்" என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. மீட்பு என்றதும் அடகு வைத்த பொருள்தான் நம் நினைவுக்கு வருகிறது: கடன் இவ்வளவு, வட்டி இவ்வளவு, கிறிஸ்து அசலைக் கட்டிவிட்டார், மீதி வட்டி என் தலையில் என்று. விவிலியத்தில் இந்தச் சொல் வளர்ந்த இடமே வேறு. லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவர் வறுமையால் தன்னையே விற்றுவிட்டால் அவரை மீட்க வேண்டியவர் யார்? உடன்பிறந்தவர், சிற்றப்பா, சிற்றப்பாவின் மகன், நெருங்கிய உறவினர். எபிரேயத்தில் 'கோயேல்' என்பது அந்த உறவுக்காரரைத்தான். அவர் வந்து நிற்பது சொந்தம் என்பதால். மீட்கப்பட்டவர் மறுபடி விலை கொடுப்பதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

விடுதலைப் பயணம் 6:6இல் ஆண்டவர் இஸ்ரயேலரை "மீட்பேன்" என்கிறார். பார்வோனுக்கு ஒரு காசாவது கொடுத்தாரா? 4ஆம் நூற்றாண்டிலேயே நசியான்சு நகர கிரகோரியார் இதைக் கேட்டுவிட்டார்: கிறிஸ்துவின் இரத்தம் யாருக்குச் செலுத்தப்பட்டது? தீயவனுக்கு என்பது வெட்கக்கேடு. தந்தைக்கு என்றால், நம்மைச் சிறைவைத்திருந்தது அவர் இல்லையே! விலை என்று 1 பேதுரு 1:18–19 சொல்வது நமக்காக அவருக்கு ஆன செலவை. பிள்ளையை வெள்ளத்திலிருந்து இழுத்துக் கரை சேர்த்த தாய் பட்ட காயத்துக்கு யாரிடம் ரசீது கேட்பது?

திருநீற்றுப் புதன் திருப்பலியின் இரண்டாம் வாசகத்தைப் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். 2 கொரிந்தியர் 5:20. சாம்பல் பூசிக்கொண்டு நாம் கடவுளிடம் கெஞ்சப்போகிறோம் என்றுதான் கோவிலுக்குள் போகிறோம். பவுலோ, எங்கள் வாயிலாகக் கடவுளே உங்களை வேண்டுகிறார், அவரோடு ஒப்புரவாகுங்கள் என்று எழுதுகிறார். கெஞ்சுவது அவர். தவக்காலம் அந்தக் குரலோடு தொடங்குகிறது.

அப்படியானால் தியாகம் எதற்கு? பழைய ஏற்பாட்டில் நல்லுறவுப் பலி என்று ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதி பீடத்துக்கு, ஒரு பகுதி குருவுக்கு, மீதி கொண்டுவந்தவருக்கும் அவருடன் இருப்பவர்களுக்கும். நன்றிக்காகச் செலுத்தியதானால் அதன் இறைச்சியை அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், காலைவரை வைக்கக்கூடாது (லேவியர் 7:15). ஒரு முழு விலங்கை ஒரே நாளில் தீர்க்க நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். பலி என்றால் இழப்பு என்று மட்டுமே நாம் பழகிவிட்டோம். கொடுத்தது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும், பந்தியாக வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் ராவென்னா ஆயர் பேதுரு கிறிசோலோகு செபம், நோன்பு, இரக்கம் மூன்றும் ஒன்றே என்றும், ஒன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் எதுவும் இல்லை என்றும் சொன்னது இதனால்தான். நீங்கள் விட்ட காபி யாரிடமும் போய்ச் சேரவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்ததோ கோபம்.

மீதி நாட்களுக்கு இப்படிச் செய்து பாருங்கள். காலைக் காபியைக் குடியுங்கள், இரண்டாவதை மட்டும் விடுங்கள். அதன் விலையை அன்றன்றே ஒரு உறையில் போடுங்கள். உறையின்மேல் அது யாருக்கு என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும். எழுதாத உறை கடைசியில் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், பலருக்கும் நடப்பது அதுதான். தவக்காலம் முடியட்டும் என்று காத்திராமல் சனிக்கிழமைதோறும் கொண்டுபோய்க் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உறையும் வேண்டாம், நோன்பும் வேண்டாம். திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனிவரை 46 நாட்கள், அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40.

மாமியாரிடம் இன்றே மன்னிப்புக் கேளுங்கள். "தலைவலியில் கத்திவிட்டேன்" என்று காரணத்தில் தொடங்காதீர்கள். "அன்று நான் பேசியது தப்பு, மன்னித்துவிடுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். மகளிடமும் அப்படியே. உங்கள் கடிதத்தில் கண்ட எல்லாவற்றிலும் செலவு கூடிய பலி இதுதான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதும் இதைத்தான், காபிக் கணக்கை அல்ல. அதற்குப் பிறகும் அதே குற்றவுணர்வு சுழன்றுகொண்டே இருந்தால் ஆளை மாற்றி மாற்றிக் கேட்காமல், ஒரே குருவானவரிடம் தொடர்ந்து பேசுங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால் கலக்கம் கூடத்தான் செய்யும். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

செபத்துக்கு ஒரு பதினைந்து நிமிடம். நீண்ட பகுதிகள் வேண்டாம், இயேசுவின் சீடர் பேதுருவோடு மட்டும் இருங்கள். வாக்குத் தவறியவர்களில் அவரைவிடப் பெரியவர் யார்? இயேசுவோடு சிறைக்கும் சாவுக்கும் வரத் தயார் என்றவர் (லூக்கா 22:33). அன்றிரவே முற்றத்தில் மூன்று முறை இயேசுவைத் "தெரியாது" என்றார். சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பிப் பேதுருவை உற்று நோக்கினார் என்று லூக்கா மட்டும் எழுதுகிறார். அந்தப் பார்வையில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள்.

அடுத்த நாள் யோவான் நற்செய்திக்குப் போங்கள். குளிர் காய்ந்துகொண்டு பேதுரு மறுதலித்த இடத்தில் இருந்தது கரிநெருப்பு (18:18). இயேசு உயிர்த்த பின் கடற்கரையில் சீடர்களுக்காக மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்பு (21:9). அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. தோற்ற இடத்தின் வாசனைக்கே பேதுருவைத் திரும்ப அழைத்து வந்து, ஏன் சொன்ன சொல்லைக் காக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் மீனும் அப்பமும் கொடுத்தார். பிறகு "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்று மூன்று முறை கேட்டார். "என் ஆடுகளைப் பேணி வளர்" என்று வேலையும் கொடுத்தார்.

கடைசியாக, விட்ட நாட்களை உயிர்ப்புக்குப் பிறகு ஈடுசெய்வது பற்றி. வேண்டாம். பெந்தகோஸ்து வரையிலான 50 நாட்களும் கொண்டாட்டத்துக்கானவை. உயிர்ப்பு ஞாயிறை அடுத்து வரும் முதல் வெள்ளிக்கிழமை பெருவிழாவின் எண்கிழமைக்குள் (எட்டு நாள் கொண்டாட்டத்துக்குள்) இருப்பதால் இறைச்சி தவிர்க்கும் கடமைகூட அன்று இல்லை. அன்றைய திருப்பலியின் நற்செய்தி யோவான் 21ஆம் அதிகாரத்தின் முதல் 14 வசனங்கள், அந்தக் கடற்கரைக் காலை உணவுதான். பூசைக்குப் போய்விட்டு வந்து மாமியாருக்கும் உங்களுக்குமாக இரண்டு காபி கலந்து எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.