ஜாக்கைப் பார்த்து உருட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 67 வயது. நண்பர் கூப்பிட்டதால் புல்தரை பவுல்ஸ் ஆடப் போனேன். "கொஞ்சம் வலப்பக்கமாக உருட்டு, தானே வளைந்து உள்ளே வரும்" என்றார். அப்படியே செய்தேன். பந்தோ இன்னும் வலப்பக்கமாகவே ஓடி, பக்கத்தில் ஆடுபவர்கள் நடுவில் போய் நின்றது. குனிந்து நிமிரும்போது முழங்காலும் வலிக்கிறது. இந்த வயதில் எனக்கு இது வருமா? சொந்தமாகப் பந்து வாங்கலாமா?

பதில்: நிச்சயமாக வரும். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில், பார்வைக் குறைபாடு உள்ள பவுல்ஸ் வீரருக்கு வழிகாட்டியாக இருந்து ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் மில்லர் தங்கம் வாங்கியபோது அவருக்கு 75 வயது.

உங்கள் பந்து ஓடிப்போனதற்குக் காரணம் எளிது. பவுல்ஸ் பந்து முழு உருண்டை கிடையாது. அதன் வடிவமே ஒரு பக்கமாகச் சாய்ந்து உருளும்படி அமைந்தது. இதை பயஸ் என்பார்கள். பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வட்ட முத்திரை இருக்கும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சின்ன வட்டம் எந்தப் பக்கமோ, பந்து அந்தப் பக்கம்தான் திரும்பும். வலப்பக்கமாக அனுப்பும்போது சின்ன வட்டம் இடப்பக்கம் இருக்க வேண்டும், இடப்பக்கமாக அனுப்பினால் வலப்பக்கம். உங்கள் கையில் அது மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பல வருடம் ஆடியவர்களுக்கும் இது நேரும். ஒவ்வொரு முறையும் பந்தை விடுவதற்கு முன் சின்ன வட்டத்தை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஜாக். எல்லோரும் தங்கள் பந்தைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிற குறிப்பந்து அது. புதிதாக வருகிற எல்லோருடைய கண்ணும் அந்தச் சின்ன வெள்ளைப் பந்தின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. கண் போகிற இடத்துக்குக் கையும் போகும். பந்து ஜாக்கைப் பார்த்து நேராகக் கிளம்பி, கடைசியில் விலகிப் போய்விடும். வேகம் இருக்கும்வரை பந்து பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. வேகம் அடங்க அடங்கத்தான் வளைவு கூடுகிறது. அதனால் எதிர்க்கரையில் ஓர் இடத்தையோ, சில அடி முன்னால் புல்லில் ஒரு புள்ளியையோ குறியாக வைத்துக்கொண்டு அதன் மேல் உருட்டுங்கள். வளைத்துக் கொண்டுவருவது பந்தின் வேலை.

பந்தை அனுப்ப வேண்டிய கோடு சில நாளில் பிடிபட்டுவிடும். வேகத்தின் அளவுதான் நாளாகும், என்னைக் கேட்டால் ஆட்டமே அதில்தான் இருக்கிறது. ஜாக் குறைந்தது 23 மீட்டர் தள்ளி இருக்கும். முதல் சில வாரம் ஜாக்கே வைக்காமல் நான்கு பந்துகளை உருட்டி, நான்கும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். தோளிலிருந்து கை ஊஞ்சல் போல ஆடட்டும். தூரம் கூட வேண்டுமானால் கையை இன்னும் பின்னால் கொண்டுபோங்கள், வெட்டி எறியாதீர்கள். ஆட்டத்தில் ஜாக்கை எட்டாமல் நிற்பதைவிட ஒரு முழம் தாண்டி நிற்பது மேல். யாராவது ஜாக்கைத் தட்டிப் பின்னால் தள்ளினால் உங்கள் பந்து அங்கே காத்திருக்கும்.

முழங்காலுக்கு வருவோம். வலியோடு ஆடாதீர்கள், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வலக்கைக்காரர் என்றால், அடி எடுத்து வைக்காமல் இடக்காலை முன்கூட்டியே முன்னால் ஊன்றி, இடக்கையை அந்தத் தொடைமேல் தாங்கிக்கொண்டு பந்தை விடலாம். அதுவும் கஷ்டம் என்றால் 'பவுலிங் ஆர்ம்' என்ற நீளக் கைப்பிடி இருக்கிறது. பந்தைக் கவ்விக்கொண்டு, நின்றபடியே தரைமட்டத்தில் விடும். அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். கீழே கிடக்கும் பந்தை எடுக்கவும் தனிக் கருவி உண்டு. ஆட்டம் முழுக்கக் குனிவதில் பாதி பந்து பொறுக்கத்தானே!

பந்து வாங்க இப்போது அவசரம் இல்லை. முதலில் கிளப்பில் இருப்பவற்றை வாங்கி வெவ்வேறு அளவில் ஆடிப் பாருங்கள். ஒரு பந்தின் எடை ஒன்றரைக் கிலோ வரை போகும். இரண்டு கைகளின் பெருவிரல்களும் நடுவிரல்களும் பந்தைச் சுற்றி நுனியோடு நுனி தொட்டால் அந்த அளவு ஏறக்குறையப் பொருந்தும். பிடி வலுவில்லை என்றால் ஓர் அளவு சிறியதே நல்லது. அடி தட்டையான காலணி மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். குதி வைத்தது புல்லைக் கிழித்துவிடும், ஆட விடமாட்டார்கள்.