மைக்ரோகோட் போட்டால் கொள்கை போய்விடுமா?

கேள்வி: நான் டிரிஸ்குவெல் பயன்படுத்துகிறேன், யாரும் படித்து மாற்றக்கூடிய கட்டற்ற நிரல்கள் மட்டுமே உள்ள லினக்ஸ் டிஸ்ட்ரோ அது. மூல நிரல் இல்லாத எதையும் கணினியில் ஏற்றுவதில்லை என்று இருப்பவன். ஒரு நிரல் இன்னொன்றின் ரகசியத் தரவை எடுக்க வழிவிடும், பிராசஸரில் உள்ள ஸ்பெக்டர் மாதிரி ஓட்டைகளை அடைக்க இன்டெல் தரும் மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ளேயே இருந்து அதன் கட்டளைகளை நடத்தும் நிரல்) அப்டேட் வேண்டும் என்கிறார்கள், ஆனால் அது முழுக்க மூடிய பைனரி. போடலாமா, வேண்டாமா?

பதில்: அந்தக் கணினியில் ஜாவாஸ்கிரிப்டோடு பிரவுசர் ஓடுகிறது என்றால் போடுங்கள். வெளியாட்களின் மெய்நிகர் கணினிகள் அதில் ஓடுகின்றன என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்றே போடுங்கள். இணையமே இல்லாமல், நீங்கள் நம்பும் நிரல்களை மட்டும் ஓட்டும் இயந்திரம் என்றால் போடாமலும் இருக்கலாம், பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது.

சரி, கொள்கை என்ன ஆவது? இங்கே பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அப்டேட் போடாவிட்டாலும் உங்கள் பிராசஸர் மைக்ரோகோடில்தான் ஓடுகிறது. தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் எழுதித்தான் அனுப்புகிறார்கள், அதற்கும் மூல நிரல் கிடையாது, அதையும் நீங்கள் திருத்த முடியாது. அப்டேட் என்பது அதன்மேல் வைக்கும் ஒட்டு. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஏற்ற வேண்டும், மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் போய்விடும். ஆகவே உங்கள் முன்னால் இருப்பது மூடிய நிரலா கட்டற்ற நிரலா என்ற தேர்வு இல்லை. ஓட்டை இருப்பது தெரிந்த பழைய மூடிய நிரலா, அது அடைக்கப்பட்ட புதிய மூடிய நிரலா என்பதுதான். இன்னொரு விஷயம், உங்கள் மதர்போர்டின் பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) எப்போதாவது புதுப்பித்திருந்தால் அதற்குள்ளேயே மைக்ரோகோட் அப்டேட்டும் வந்திருக்க வாய்ப்பு அதிகம், டிஸ்ட்ரோ எவ்வளவு சுத்தமாக இருந்தாலும்.

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் வாதம் இது: சிப்பில் நிரந்தரமாகப் பொறித்து யாராலும் மாற்ற முடியாமல் இருப்பதை வன்பொருளாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மாற்றக்கூடியது என்று ஆகிவிட்டால் அது மென்பொருள், அப்போது அதை மாற்றும் உரிமை தயாரித்தவருக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்? கேள்வி சரியான கேள்விதான். 2018 ஆகஸ்டில் இன்டெல் தன் மைக்ரோகோட் லைசென்ஸில், அப்டேட் போட்டபின் வேகம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து வெளியிடக்கூடாது என்கிற மாதிரி ஒரு விதியைச் சேர்த்தது. டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ அந்தப் பதிப்பை வெளியிடாமல் நிறுத்திவைத்தது, எதிர்ப்பு கிளம்பி சில நாளிலேயே இன்டெல் விதியை நீக்கியது. மூடிய ஒட்டோடு என்னென்ன சேர்ந்து வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தரமும் எப்போதும் உத்தரவாதம் இல்லை: அதே ஆண்டு ஜனவரியில் ஸ்பெக்டருக்காக அவசரமாக வந்த மைக்ரோகோடால் ஹாஸ்வெல், பிராட்வெல் தலைமுறை இன்டெல் சிப் உள்ள கணினிகள் தானாக ரீபூட் ஆக, ‘போடுவதை நிறுத்துங்கள்’ என்று இன்டெலே சொல்ல வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் போடுங்கள் என்கிறேன். அறக்கட்டளை கேட்பது ‘மாற்றும் உரிமை யாருக்கு’ என்று. அப்டேட்டை மறுப்பதால் அந்த உரிமை உங்களுக்கு வந்துவிடுவதில்லை, ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும்.

ஆனால் மைக்ரோகோடைத் தொடுவதற்கு முன், கட்டற்ற கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தானாகவே எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பாருங்கள், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மெல்ட்டவுன் என்ற இன்னொரு ஓட்டைக்கு மைக்ரோகோட் தேவையே இல்லை, கெர்னலின் நினைவகப் பக்க அட்டவணையைப் பயனர் நிரல்களிடமிருந்து பிரித்துவைத்தே தீர்த்துவிட்டார்கள். ஸ்பெக்டரின் முதல் வகைக்குக் கெர்னல் நிரலிலேயே திருத்தம். இரண்டாம் வகைக்கு ரெட்போலைன் என்று கம்பைலர் (மூல நிரலை இயந்திர நிரலாக மாற்றும் கருவி) வழியாக ஒரு உத்தி, பெரும்பாலான பழைய சிப்புகளுக்கு அதுவே ஓரளவு போதும். ஏஎம்டி ஜென் 2 சிப்புகளில் 2023இல் வெளிவந்த ஜென்பிளீடு ஓட்டைக்கும், மைக்ரோகோட் இல்லாவிட்டால் கெர்னலே ஒரு பிட்டை மாற்றிவைத்துச் சமாளிக்கும், கொஞ்சம் வேகம் குறையும்.

சிக்கல் ஆரம்பிப்பது 2019இல் வந்த எம்டிஎஸ் என்ற ஓட்டைக் குடும்பத்தில். ஸோம்பிலோட், ரிடில் என்றெல்லாம் பெயர் வைத்தார்களே, அவைதான். பிராசஸருக்குள் இருக்கும் சிறு பஃபர்களில் (தற்காலிகச் சேமிப்பிடங்களில்) முந்தைய நிரலின் தரவு தங்கிவிடுகிறது, நிரல் மாறும்போது அதைத் துடைக்க வேண்டும். துடைக்க ஒரு பழைய கட்டளைக்குப் புது வேலை கொடுத்தார்கள், அந்தப் புது வேலையைக் கற்றுத் தருவதே மைக்ரோகோட்தான். அது இல்லாவிட்டாலும் கெர்னல் கட்டளையைக் கொடுக்கும், ஆனால் துடைக்கப்பட்டதா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். சிஸ் கோப்புறைக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ, வல்னரபிலிட்டீஸ் என்று வரிசையாக உள்ளே போனால் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சிறு கோப்பு இருக்கும். எம்டிஎஸ் கோப்பைத் திறந்தால் ‘வல்னரபிள்: கிளியர் சிபியூ பஃபர்ஸ் அட்டெம்ப்டட், நோ மைக்ரோகோட்’ என்று இருக்கிறதா பாருங்கள். துடைக்கப் பார்த்தேன், கையில் துணி இல்லை என்று கெர்னல் ஒப்புக்கொள்கிறது. ‘மிட்டிகேஷன்’ என்று தொடங்கினால் ஒட்டு ஏற்கெனவே வந்துவிட்டது. ‘நாட் அஃபெக்டட்’ என்றால் அந்த ஓட்டையே உங்கள் சிப்பில் இல்லை. எல்லாக் கோப்பையும் ஒரு தடவை படித்துவிட்டு முடிவெடுங்கள், பொதுவாகப் பயப்படுவதில் பயன் இல்லை.

எந்தக் கணினி என்று நீங்கள் எழுதவில்லை. கட்டற்ற மென்பொருள்காரர்கள் விரும்பி வைத்திருக்கும் திங்க்பேட் எக்ஸ்200 மாதிரி பழைய கோர் 2 இயந்திரமாக இருந்தால் ஸ்பெக்டரைப் பொறுத்தவரை இந்த விவாதமே வீண், ஏனென்றால் அந்தத் தலைமுறைக்கு ஸ்பெக்டர் ஒட்டு தரப்போவதில்லை என்று 2018 ஏப்ரலிலேயே இன்டெல் கைகழுவிவிட்டது. கட்டற்ற கெர்னல் தருவதுதான் உங்களுக்கு மிச்சம். ஆனாலும் அந்தச் சிப்புகளில் வேறு கோளாறுகளுக்கான பழைய மைக்ரோகோட் உண்டு. பயாஸுக்கு மாற்றாகக் கட்டற்ற நிரல் தரும் லிப்ரேபூட் திட்டம் 2022 நவம்பரில் தன் கொள்கையைத் தளர்த்தி மைக்ரோகோடைச் சேர்த்துக்கொண்டது. அதை ஏற்காதவர்கள் குனு பூட் என்று தனியாகப் போனார்கள்.

போடுவது என்று முடிவு செய்தால், டிரிஸ்குவெல் களஞ்சியத்தில் இது கிடைக்காது. கணினி தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட் ஒரு வழி. டெபியனுக்கு மாறுவது இன்னொன்று: டெபியன் 12 முதல் ஃபர்ம்வேருக்கு (வன்பொருளுக்குள் ஓடும் நிரல்களுக்கு) மட்டும் தனிப் பிரிவு இருப்பதால், மற்ற மூடிய மென்பொருள் களஞ்சியத்தைத் திறக்காமல் அதை மட்டும் சேர்க்கலாம், அதிலும் மைக்ரோகோட் பொதியைத் தவிர வேறெதையும் நிறுவாமல் இருக்கலாம். எனக்குப் பிடித்தது இந்த வழிதான், உள்ளே வரும் மூடிய பொருள் எது என்பது பெயரோடு தெரியும்.

போடுவதில்லை என்றால் ஹைப்பர்த்ரெடிங்கை, அதாவது ஒரே கோரில் இரண்டு வேலைகளை ஒருசேர ஓட்டும் வசதியை, அணைத்துவிடுங்கள் (ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2018லேயே இன்டெல் சிப்புகளில் அதை அணைக்க ஆரம்பித்துவிட்டது), தெரியாத தளங்களில் ஜாவாஸ்கிரிப்டைத் தடுங்கள், ஊர் பேர் தெரியாத பைனரியை ஓட்டாதீர்கள். 2023இல் வெளிவந்த டவுன்ஃபால் என்ற இன்டெல் சிப் ஓட்டைக்கு மைக்ரோகோட் இல்லாத வழியும் உண்டு, கெர்னலுக்குச் சொல்லி ஏவிஎக்ஸ் கட்டளைகளையே (ஒரே தடவையில் பல எண்களைக் கணக்கிடும் வெக்டர் கட்டளைகள்) முடக்கலாம், ஆனால் வீடியோ வேலைகள் மெதுவாகும், சில நிரல்கள் திறந்தவுடன் விழும்.

கடைசியாக, ‘திறந்த தரத்தில் அமைந்த ரிஸ்க்-ஃபைவ் பிராசஸருக்குப் போனால் இந்தத் தொல்லையே இல்லையே’ என்று நீங்கள் நினைத்தால்: டி-ஹெட் நிறுவனத்தின் சி910 என்ற ரிஸ்க்-ஃபைவ் சிப்பின் வடிவமைப்பு பொதுவில் வெளியிடப்பட்டதுதான், அதிலேயே 2024இல் கோஸ்ட்ரைட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண நிரல் ஒன்று நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதை அடைக்க மைக்ரோகோட் அப்டேட்டே கிடையாது, வெக்டர் கட்டளைகளை மொத்தமாக முடக்குவது ஒன்றுதான் வழி.