‘எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் கொடுத்துவிட்டோம்’ என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது உண்மையா, வெறும் அரசியல் பேச்சா?

நீங்கள் கேட்டிருப்பது 2018 ஜூலை 20 அன்று மக்களவையில் பிரதமர் நரேந்திர மோடி ஆற்றிய உரையைப் பற்றி. தெலுங்கு தேசம் கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குப் பதில் சொல்லும்போது, 18,000 கிராமங்களுக்குத் தம் அரசு மின்சாரம் கொண்டுசென்றதாகவும், அவற்றில் 15,000 கிழக்கு இந்தியாவில் இருப்பதாகவும், அதிலும் 5,000 வடகிழக்கில் இருப்பதாகவும் குறிப்பிட்டார். அங்கே வாழ்கிறவர்கள் பழங்குடியினரும் தலித்துகளும் ஏழைகளும்தானே, முந்தைய அரசுகள் ஏன் அவர்களை விட்டுவைத்தன என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

மின் பகிர்மானத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எண்ணிக்கை பொய் இல்லை. 2015 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் 1,000 நாள் கெடு வைத்துத் தொடங்கிய வேலை அது. பட்டியலில் இருந்தவை 18,452 கிராமங்கள். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்து லைசாங் கிராமம் கடைசியாக இணைக்கப்பட்டது. அந்த மலைகளுக்குக் கம்பங்களையும் டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோய்ச் சேர்த்த தொழிலாளர்களின் உழைப்பு எவ்வளவு பெரியது என்பது கம்பி இழுத்தவனுக்குத் தெரியும். அதைக் கட்சி பார்த்துச் சிறுமைப்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரும்பகுதி வேலை முந்தைய அரசுகளின் காலத்திலேயே முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொன்னதும் சரிதான். நாட்டில் கணக்கில் இருந்த கிராமங்கள் 5,97,464. அவற்றில் 18,452 என்பது சுமார் 3 விழுக்காடு. மீதி 97 விழுக்காடு வேலை அதற்கு முந்தைய அறுபது எழுபது ஆண்டுகளில் நடந்தது. 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி கிராம மின்மயமாக்கல் திட்டத்தில் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் இணைக்கப்பட்டன. ஆனால் கடைசி 3 விழுக்காட்டுக்கு ஆகும் செலவும் சிரமமும் முதல் 3 விழுக்காட்டைப் போன்றவை அல்ல. அவை காட்டுக்குள்ளும் மலை மேலும் இருப்பவை.

நான் சண்டைபோட விரும்புவது இந்த எண்களோடு அல்ல. கிராமத்தை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தோடுதான். இந்தப் பழக்கம் எல்லாக் கட்சிகளுக்கும் உண்டு.

1997 வரை இருந்த விதி இது: ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தத் தேவைக்காகவாவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அந்தக் கிராமம் மின்வசதி பெற்றதாகக் கொள்ளப்படும். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு பம்புசெட் ஓடினாலும் கணக்கு முடிந்தது. வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான். 1997-இல் குடியிருப்புப் பகுதிக்குள் பயன்பாடு இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். 2004-இல் வந்த விதிதான் இன்றும் பேசப்படுகிறது. டிரான்ஸ்பார்மரும் மின்கம்பிகளும் ஊர்க் குடியிருப்பிலும் தலித் குடியிருப்பிலும் இருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் இருக்க வேண்டும். மொத்த வீடுகளில் குறைந்தது 10 விழுக்காட்டுக்கு இணைப்பு இருக்க வேண்டும்.

தலித் குடியிருப்பைத் தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கம்பி ஊரோடு நின்றுவிடும்; சேரிக்கு வராது. நாடு முழுவதும் அதுதான் நடந்தது. அந்த ஒரு வரியை விதியில் சேர்த்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

விதி கடுமையானபோது, முன்பு மின்வசதி பெற்றவையாக எண்ணப்பட்ட பல ஊர்கள் பட்டியலிலிருந்து வெளியேறின. ஆகவே 1980-களின் எண்ணையும் 2010-களின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் அதிகம் செய்தார்கள் என்று அவையில் முழங்குவது சரியான ஒப்பீடு அல்ல. அளக்கும் கோலே நடுவில் மாறிவிட்டது.

இன்றைய விதியின்படியும் நூறு வீடு உள்ள ஊரில் பத்து வீட்டில் விளக்கு எரிந்தால் கணக்கு முடிந்தது. மற்றத் தொண்ணூறு வீடுகள்? இதற்கு மத்திய அரசே பதில் சொல்லியிருக்கிறது. 2017 செப்டம்பர் 25 அன்று, வீடுகளுக்கு மின் இணைப்பு கொடுக்கும் சௌபாக்யா திட்டத்தை அறிவித்தபோது, நாட்டில் சுமார் 4 கோடி குடும்பங்களுக்கு மின் இணைப்பு இல்லை என்று பிரதமரே சொன்னார். கிராமப் பட்டியல் கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் வீடுகளின் பட்டியல் அப்படி இருந்தது. ஏழைகளுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்கு 500 ரூபாயைப் பத்துத் தவணைகளிலும் இணைப்பு கொடுத்தார்கள். 2021 மார்ச்சுக்குள் 2.8 கோடி வீடுகள் இணைக்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. என் பார்வையில் இதுதான் பெரிய சாதனை. 18,452 என்ற எண்ணைவிட, அப்போது நடந்துகொண்டிருந்த இந்த வீட்டு இணைப்பு வேலையைத்தான் அந்த 2018 உரையில் நான் விரிவாக எதிர்பார்த்தேன்.

இணைப்பு கொடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. நான் வேலை பார்த்த பகுதியில், துணை மின்நிலையத்திலிருந்து வெகுதூரம் போகும் ஒரு மின்பாதையின் கடைசியில் ஒரு குடியிருப்பு இருந்தது. மாலை ஆறரை மணிக்கு மேல் அங்கே குழல் விளக்கு பிடிக்காது. மின்விசிறி சுற்றுவது தெரியாது. டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டால் மாற்று வருவதற்குள் பிள்ளைகளின் தேர்வே முடிந்துவிடும். எந்தக் கணக்கிலும் அது மின்வசதி பெற்ற குடியிருப்புதான். கோளாறு கம்பியில் மட்டும் இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்குப் பாதை நீளம் அதிகம், பயன்பாடு குறைவு, வசூலாகும் தொகை அதைவிடக் குறைவு. அங்கே விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பகிர்மான நிறுவனத்துக்கு நட்டம். நட்டத்தில் ஓடும் நிறுவனம் பற்றாக்குறை வந்ததும் முதலில் எங்கே மின்சாரத்தை நிறுத்தும்? கேட்க ஆளில்லாத இடத்தில்தான். அந்த நட்டத்தை மாநில அரசு முழுதாகவும் காலத்திலும் ஈடுகட்டாத வரை, கம்பம் நட்டவர் யாராக இருந்தாலும் விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

கிராமப்புறங்களில் சராசரி மின் விநியோகம் 2015-இல் நாளுக்கு 12.5 மணி நேரமாக இருந்து, பின்னர் 20 மணி நேரத்தைத் தாண்டியிருப்பதாக மத்திய அரசு சொல்லிவருகிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் சராசரி என்பதற்குள் கடைசிக் குடியிருப்பு மறைந்துவிடும். அதற்கு வந்த மணி நேரத்தைத் தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

தமிழ்நாட்டுக்காரர்களாகிய நமக்கு இதில் பெருமைப்படவும் நிறைய இருக்கிறது. காமராஜர் முதல்வராக இருந்த 1954-63 காலத்திலேயே இங்கே கிராமங்களுக்கு மின்பாதை வேகமாகப் போனது. கிணறுகளில் பம்புசெட் வந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இன்றைய இலவச வேளாண் மின்சாரத்துக்குப் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும், 2021-இல் ஒரு லட்சம் புதிய வேளாண் இணைப்புகள் அறிவிக்கப்பட்டபோது பல ஆண்டுகளாக விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களின் பட்டியல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இனி, நாடாளுமன்றப் பேச்சைப் பற்றி. அன்றைய விவாதம் சுமார் 12 மணி நேரம் நடந்தது. ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து, ரஃபேல் ஒப்பந்தம், விவசாயிகள் பிரச்சினை என்று நாட்டின் எல்லா விவகாரங்களும் ஒரே நாளில் வந்து விழுந்தன. ஆதரவாக 126 வாக்குகள், எதிராக 325, தீர்மானம் தோற்றது. அந்த நெரிசலில் கிராம மின்சாரம் சில வாக்கியங்களில் வந்து போய்விட்டது. யாரும் குறுக்கே எழுந்து, எத்தனை வீடு, எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பதில் வாங்க அந்த விவாதத்தில் வழியில்லை.

வழி இருக்கும் இடம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும்; துணைக்கேள்வியும் கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், மாநில வாரியான அட்டவணையோடு. அமைச்சர் சொன்ன தகவல் தவறு என்று ஓர் உறுப்பினர் கருதினால், மக்களவைத் தலைவரின் வழிகாட்டுதல் 115-இன் கீழ் அதைச் சுட்டிக்காட்டவும் முறை உண்டு. உரைகளின் காணொளியைப் பகிர்ந்து சண்டை போடும் நண்பர்கள் இந்தப் பதில்களை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். அவை மக்களவை இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன.

உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்களும் எழுதலாம். குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பே அவர் கேள்வியைக் கொடுக்க வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததுமே அனுப்புங்கள். நான் அனுப்பிய கேள்வி இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: “சௌபாக்யா திட்டத்தில் இணைப்பு பெற்ற வீடுகளில் எத்தனை வீடுகளின் இணைப்பு இன்று துண்டிக்கப்பட்டிருக்கிறது, மாநில வாரியாக? கிராமப்புறத்தில் மாலை 6 முதல் இரவு 11 மணி வரை சராசரியாக எத்தனை மணி நேரம் மின்சாரம் வந்தது? எரிந்த டிரான்ஸ்பார்மரை மாற்றச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது?”