ஹாலிவுட் குணச்சித்திர நடிகர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

தெல்மா ரிட்டர். பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தில், காலில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு முதுகு தேய்த்துவிட வரும் நர்ஸ் என்று சொன்னால், "ஓ, அந்த அம்மாவா!" என்பார்கள். அந்த அம்மாவேதான்.

எனக்கும் முதலில் அவர் பெயர் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கிரேஸ் கெல்லி திரையில் வந்தபோதுகூடக் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரிட்டர் வந்து, பாட்டிலிலிருந்து தைலத்தைக் கையில் ஊற்றி, ஸ்டூவர்ட்டின் முதுகில் சப்பென்று வைத்துத் தேய்க்கத் தொடங்கியதும் நிமிர்ந்து பார்த்தார். "இவள் ஒருத்திதான் இதில் உண்மையாக வேலை செய்கிறாள்" என்று சொல்லிவிட்டு மறுபடி கீரைக்குத் திரும்பிவிட்டார். ரிட்டரைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை.

அவருடைய நடிப்பில் முதலில் கவனிக்க வேண்டியது கைகளை. வசனம் பேசுவதற்காக அவர் வேலையை நிறுத்துவதே இல்லை. படுக்கை விரிப்பார், கொக்கி மாட்டுவார், வெப்பமானியை உதறுவார். பேச்சு அதன் போக்கில் போகும். 'ரியர் விண்டோ'வில் ஸ்டூவர்ட் முட்டையும் பன்றிக்கறியும் வைத்துக் காலைச் சிற்றுண்டி சாப்பிட உட்காரும்போது, எதிர்வீட்டுக்காரன் மனைவியின் உடலை எங்கே வைத்து வெட்டியிருப்பான் என்று ஆராய்கிறார். குளியல் தொட்டியில்தான் வெட்டியிருக்க வேண்டும், அங்கேதான் இரத்தத்தைக் கழுவிவிடலாம் என்கிறார். சந்தையில் கத்தரிக்காய் விலை பேசுகிற தொனி. ஸ்டூவர்ட்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது. 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியைத் தான் முன்பே கணித்ததாக அவர் சொல்லும் கதையும் அப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் ஒருவருக்குப் பணிவிடை செய்தாராம். சிறுநீரகக் கோளாறு என்றார்கள் மருத்துவர்கள், இவரோ நரம்புத் தளர்ச்சி என்றாராம். அவ்வளவு பெரிய நிறுவனமே நாளுக்குப் பத்து முறை கழிப்பறைக்கு ஓடினால் நாடு எப்படி நிற்கும் என்பது அவருடைய பொருளாதாரக் கோட்பாடு.

இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அவருடைய வாழ்க்கைக் கதைக்குத்தான் போக வேண்டும். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அமெரிக்க நாடகக் கலைக் கழகத்தில் பயின்றார். ஊர் ஊராக நாடகக் குழுக்களில் நடித்தார். 1926-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் மேடை ஏறினார். அடுத்த ஆண்டு ஜோசஃப் மோரன் என்ற நடிகரைத் திருமணம் செய்துகொண்டார். மோரன் பிற்பாடு நடிப்பை விட்டு விளம்பரத் துறைக்குப் போய்விட்டார். இரண்டு குழந்தைகள். ரிட்டரும் மேடையை விட்டு வீட்டோடு இருந்தார். 1940-களில் வானொலி நாடகங்களுக்குத் திரும்பினார். சரளைக்கல்லில் சக்கரம் ஏறியது போன்ற அந்தப் புரூக்ளின் குரலுக்கு வானொலி பொருத்தம்தான். ஆனாலும் அவருடைய பாதித் திறமை அங்கே யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

சினிமா வாய்ப்பு வந்தபோது வயது 45. நடிகைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும் வயது அது; அன்றும், இன்றும். இயக்குநர் ஜார்ஜ் சீட்டன் 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்துக்காக அவருக்கு ஒரு சின்ன வேடம் கொடுத்தார். மேசீஸ் கடையில் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் மகனைக் கூட்டிவருகிற அம்மா. பையன் தீயணைப்பு வண்டி கேட்கிறான், தாத்தாவும் தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார். ஊரெல்லாம் அலைந்தும் அந்தப் பொம்மை கிடைக்காத அம்மா கொதித்துப் போகிறார். தாத்தா அசராமல் வேறொரு கடையின் பெயரைச் சொல்லி அங்கே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். தன் கடையை விட்டுப் போட்டிக் கடைக்கு அனுப்புகிற வியாபாரமா! நம்ப முடியாமல் நிற்கிற அந்த முகத்தைப் பாருங்கள். கையில் பொருட்களும் மகனுமாக, கடைகடையாக ஏறி இறங்கிக் கால் வலிக்கிற ஒரு தாயின் முகம். திரையில் வருவது ஒன்றிரண்டு நிமிடம். ஃபாக்ஸ் நிறுவனத்தின் தலைவர் டாரில் ஸானக் கண்ணில் பட அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு இயக்குநர் ஜோசஃப் மான்கிவிச் அவரைப் பிடித்துக்கொண்டார். 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்' (1949), அடுத்த ஆண்டு 'ஆல் அபவுட் ஈவ்'. இரண்டாவதில் அவர் பர்டி. பெட்டி டேவிஸ் நடித்த மேடை நட்சத்திரம் மார்கோவின் உடை உதவியாள். தானும் ஒரு காலத்தில் வாடவில் என்ற ஆடல், பாடல், நகைச்சுவை கலந்த மேடைகளில் ஆடியவள். ஈவ் என்ற பெண் ஒப்பனை அறைக்கு வந்து தன் துயரக் கதையைச் சொல்லும்போது அறையிலிருக்கும் அத்தனை பேரும் உருகுகிறார்கள். பர்டி கேலியாக ஒரு வரி சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறாள், மன்னிப்பும் கேட்கிறாள். ஆனால் ஈவின் சூதை முதலில் மோப்பம் பிடித்தவள் அவள்தான். சில காட்சிகள் கழித்து, ஈவைப் பிடிக்கவில்லையா என்று மார்கோ நேரடியாகக் கேட்கிறாள். அந்தப் பெண் உன்னையே பாடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று பர்டி சொல்கிறாள். குரலில் ஏற்றமில்லை, கண் உருட்டல் இல்லை. நான்கு பேர் நான்கு பக்கம் பேசி விளக்க வேண்டியதை ரிட்டர் இப்படி முடித்துவிடுகிறார்.

இந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. பாதிப் படத்துக்குப் பிறகு பர்டி காணாமல் போய்விடுகிறாள். ஒரு விளக்கமும் கிடையாது. பிற்காலத்தில் 'தி மிஸ்ஃபிட்ஸ்' (1961) படத்திலும் இதே கதை. கிளார்க் கேபிள், மர்லின் மன்றோ, மான்ட்கோமரி கிளிஃப்ட் ஆகியோருடன் இவரும் வருகிறார். ரோடியோ என்ற குதிரை, காளை அடக்கும் போட்டியைப் பார்க்கப் போன இடத்தில் முன்னாள் கணவரைச் சந்தித்து, அவருடன் கிளம்பிப் போய்விடுகிறார். அதன்பின் படத்தில் சிரிப்பே இல்லை. கதையில் கனம் ஏறியதும் ரிட்டரை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று எழுத்தாளர்களுக்கு ஏன்தான் தோன்றியதோ. அவர் இருந்தால் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார், கதை அங்கேயே முடிந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

சரி, விருதுக் கணக்கு. துணை நடிகைக்கான ஆஸ்கருக்கு அவர் பெயர் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டது. 1950 முதல் 1953 வரை வந்த படங்களுக்கு ஆண்டு தவறாமல் நான்கு. பிறகு 'பில்லோ டாக்' (1959), 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' (1962). ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பிரிவில் இத்தனை பரிந்துரைகள் வாங்கிய நடிகை வேறு யாரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1955-இல் ஆஸ்கர் விழா ஒரே இரவில் இரண்டு நகரங்களில் நடந்தபோது ஹாலிவுட் மேடையை பாப் ஹோப் நடத்தினார், நியூயார்க் மேடையை நடத்தியவர் ரிட்டர். பந்தி பரிமாறியவருக்கு இலை போடவில்லை.

ஐந்து தோல்விகளை நான் மன்னித்துவிடுவேன். 'பேர்ட்மேன்' ஆண்டில், ஹெலன் கெல்லராக நடித்து விருதை வென்ற சிறுமி பேட்டி டியூக்கிடம் தோற்றதில் என்ன அவமானம்? 1953-இல் வந்த 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' படத்துக்குக் கொடுக்காததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய படம். ரிட்டரின் பாத்திரம் மோ. தெருவில் கழுத்துப்பட்டை விற்கிறவள். அது பெயருக்குத்தான், உண்மையான தொழில், பிக்பாக்கெட்காரர்களைப் பற்றிப் போலீசுக்குத் துப்பு விற்பது. திருட்டு எப்படி நடந்தது என்று கேட்பாள், கை போன விதத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அதற்கு முன் பேரம். விலைவாசி ஏறிவிட்டது, என் விலையும் ஏறிவிட்டது என்று போலீஸ் அதிகாரியிடமே வாதாடுவாள். இவ்வளவும் எதற்கு? தன் சொந்தச் சாவுக்குச் சேமிக்கிறாள். அனாதைப் பிணங்களைப் புதைக்கிற பொது இடுகாட்டில் போய்ச் சேரக்கூடாது. பெயர் பொறித்த கல்லோடு நல்ல இடத்தில் ஒரு குழி வேண்டும். அவளால் காட்டிக்கொடுக்கப்பட்ட திருடனுக்கே அவள்மேல் கோபம் வருவதில்லை. அவளும் சாப்பிட வேண்டுமே என்கிறான்.

ஒரு இரவு, நாளெல்லாம் தெருவில் நின்றுவிட்டு அறைக்கு வருகிறாள். கிராமபோனில் ஒரு பாட்டை ஓடவிடுகிறாள். துப்பாக்கியோடு ஒருவன் காத்திருக்கிறான். அவனுக்கு அந்தத் திருடனின் முகவரி வேண்டும், கேட்ட விலை கொடுக்கத் தயார். வாழ்நாள் முழுக்க விற்ற சரக்கை அன்றைக்கு மட்டும் விற்க மாட்டேன் என்கிறாள். வீர வசனம் ஒன்றும் கிடையாது. நான் களைத்துப் போய்விட்டேன், சுட்டால் எனக்கு உதவி செய்ததாக இருக்கும் என்று அவனிடமே சொல்கிறாள். கேமரா அவள் முகத்தை விட்டு நகர்ந்து கிராமபோனுக்குப் போகிறது. பாட்டு முடிகிறது. சுடுகிற சத்தம்.

எல்லாப் படங்களிலும் ஓயாமல் இயங்கிய அந்தக் கைகள் இந்தக் காட்சியில் ஓய்ந்து கிடக்கின்றன. 51 வயது நடிகைக்குள் இவ்வளவு அசதி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். பொது இடுகாட்டுக்குப் படகில் ஏற்றிய சவப்பெட்டிகளுக்கு நடுவே அவள் பெட்டியைக் கண்டுபிடித்து மீட்டுப் போகிறவன், அவள் காட்டிக்கொடுத்த அதே திருடன்.

மேடை அவரை இவ்வளவு அலைக்கழிக்கவில்லை. யூஜின் ஓ'நீலின் 'அன்னா கிறிஸ்டி' நாடகத்தை 1957-இல் 'நியூ கேர்ள் இன் டவுன்' என்ற பெயரில் இசை நாடகமாக்கினார்கள். ஜார்ஜ் அபட் இயக்கம், பாப் ஃபாசியின் நடன அமைப்பு. துறைமுகத்துக் குடிகாரி மார்த்தியாக ரிட்டர் நடித்தார். மூல நாடகத்தில் மார்த்தி முதல் அங்கத்தோடு சரி. இசை நாடகத்தில் அவளை நன்றாகவே வளர்த்திருந்தார்கள். 1958-இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது, அதுவும் கதாநாயகிக்குரிய பிரிவில். நாயகியாக நடித்த க்வென் வெர்டனுக்கும் இவருக்கும் சமமான வாக்குகள் விழ, இருவருக்கும் கொடுத்தார்கள்.

தொலைக்காட்சியில் நடந்ததுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. 1955-இல் பேடி சயெஃப்ஸ்கி எழுதிய 'தி கேட்டர்ட் அஃபேர்' நாடகம் ஒளிபரப்பானது. பணமில்லாத வீட்டில் மகள் திருமணத்தை ஊர் மெச்ச நடத்திவிட வேண்டும் என்று தவிக்கும் தாய், ரிட்டர். மறு ஆண்டு அதைத் திரைப்படமாக்கியபோது தாய் வேடம் பெட்டி டேவிஸுக்குப் போனது. அதாவது 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில் இவர் யாருக்கு உடை மாட்டிவிட்டாரோ, அவருக்கு.

கதையைத் தாங்குகிற வேடம் கிடைத்தபோதும் பெயர்ப் பட்டியலில் பின்னால்தான் நின்றார். 'தி மேட்டிங் சீசன்' (1951) முழுக்க முழுக்க அவர் படம். கடன் அடைக்க முடியாமல் ஹாம்பர்கர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்கு வருகிறாள் ஒரு தாய். மகன் வசதியான குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறான். புது மருமகள் விருந்துக்காக ஏற்பாடு செய்த சமையற்காரி இவள்தான் என்று தவறாக நினைத்துக்கொள்கிறாள். இவளும் திருத்தவில்லை, முந்தானையைச் செருகிக்கொள்வதுபோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையலில் இறங்கிவிடுகிறாள். நம் ஊர் மாமியார்கள் இந்தப் படத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மருமகள்களும்தான்.

'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' வேறு ரகம். அதில் கேலி இல்லை, சிரிப்பில்லை. கைதி மகனை இறுகப் பிடித்து வைத்துக்கொண்டு, அவன் ஒரு பெண்ணை மணந்ததும் கல்லாகிப் போகும் தாய். மகனாக நடித்த பர்ட் லங்காஸ்டரைவிட அவர் 12 வயதுகூட மூத்தவர் இல்லை என்பதைப் படம் பார்க்கும்போது ஒருவரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

1969 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார். 67-ஆவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், முதலில் 'ரியர் விண்டோ', அடுத்து 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் அது ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் வரும். பிறகு 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்'. அதில் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். நடிகர் பட்டியலில் தேடாதீர்கள், அதில் அவர் பெயரைப் போடவில்லை.