ஆர்.சி. பள்ளியில் சேர்க்கும் முன்

கேள்வி: வீட்டுப் பக்கத்தில் கன்னியர்கள் நடத்தும் சின்ன ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நடுநிலைப் பள்ளி, அரசு உதவிபெறுவது. பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இந்துக்கள். அரசுப் பள்ளிச் சலுகை எல்லாம் உண்டா? மறைக்கல்வி (கத்தோலிக்கச் சமயப் பாடம்) வகுப்பில் உட்கார வைப்பார்களா?
– வாசகி, சமாதானபுரம்

பதில்: முதலில் தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று கேளுங்கள். பலகையில் ‘அரசு உதவிபெறும்’ என்று இருந்தாலும், பல பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதிதான், கட்டணம் உண்டு. தமிழ் வழியென்றால் பாடநூல் இலவசம், மதியம் சத்துணவு. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 முதல் காலை உணவும் வந்துவிட்டது. ஆனால் 5-ஆம் வகுப்பு வரைதான். ‘வீட்டுச் சாப்பாடு போதும்’ என்று சத்துணவுப் பட்டியலில் பெயர் சேர்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. இலவசச் சீருடை அந்தப் பட்டியலை வைத்துத்தான் வருகிறது. பிறகு வருந்திப் பயனில்லை.

6 முதல் 12 வரை உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால், பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 கிடைக்கும். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மட்டும் கிடையாது. அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. எட்டு முடித்து ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாறினாலும் செல்லாது. டாக்டர் கனவு இருந்தால், யோசிக்க வேண்டியது ஐந்தாம் வகுப்பு முடியும்போது.

மறைக்கல்வி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு அந்நேரம் நன்னெறி வகுப்பு என்பதே வழக்கம். அரசியல் சட்டம் 28(3)-இன்படி பெற்றோர் சம்மதமின்றிச் சமயப் போதனையில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது.

கேள்வி: மெட்ரிக் பள்ளியிலிருந்து ஆர்.சி. பள்ளிக்கு மூன்றாம் வகுப்பில் மாற்றுகிறோம். டி.சி. வாங்கியாயிற்று, ‘எமிஸ் வரவில்லை’ என்கிறார்கள்.
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: எமிஸ் என்பது மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் இணையப் பதிவு. பழைய பள்ளி பிள்ளையின் எமிஸ் எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். கட்டணப் பாக்கி இருந்தால் பெரும்பாலும் இங்கேதான் இழுக்கும். எண்ணை விடுவிக்கக் கேட்டுப் பழைய பள்ளியில் எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். அசையாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) மனு. ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 1-க்குள் முடித்துவிடுங்கள். அன்றைய எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள்: தொடக்க வகுப்புகளில் 60 பேர் வரை 2 ஆசிரியர், 61 ஆனால் 3. சின்னப் பள்ளிக்கு உங்கள் பிள்ளையே அந்த 61-ஆவது ஆளாக இருக்கலாம். தலைமையாசிரியையே உங்களோடு அலைவார்.